மாதிரித் தேர்வில் மதிப்பெண் இறங்கினால்…

ஏப்ரல் பிறந்தால் வெண்ணந்தூர், ராசிபுரம், நாமக்கல் வட்டாரத்தில் பிளஸ் டூ முடித்த பிள்ளை இருக்கும் வீடுகளில் பேச்சு ஒன்றுதான்: நீட். தறிச் சத்தத்துக்கு நடுவே படித்து வளர்ந்த பிள்ளை, 450 எடுத்துக்கொண்டிருந்த இடத்தில் கடைசி மாதிரித் தேர்வில் 420 எடுத்தால் வீடே சோர்ந்துவிடுகிறது. "இத்தனை நாள் படிச்சதெல்லாம் எங்க போச்சு?" என்கிறார் அப்பா. படித்தது எங்கும் போகவில்லை. கணக்குப் போட்டே இதைக் காட்டலாம்.

நீட்டில் 180 வினாக்கள், 720 மதிப்பெண். சரியான விடைக்கு 4. தவறானால் 1 கழியும். எந்த வினா வந்தாலும் சரியாக விடையளிக்க ஒரு மாணவிக்கு 70 சதவீத வாய்ப்பு இருக்கிறது, அவள் எதையும் விடாமல் எழுதுகிறாள் என்று வைத்துக்கொள்வோம். சராசரியாக 126 சரி, 54 தவறு, மொத்தம் 450. பிளஸ் டூ கணிதத்தில் வரும் ஈருறுப்புப் பரவலின்படி, இந்த 126 ஒவ்வொரு தேர்விலும் சுமார் 6 வினா கூடவோ குறையவோ செய்யும். ஒரு வினா தவறினால் 4 கிடைக்காமல் போவதோடு 1 கழிவும் சேர்ந்து 5 மதிப்பெண் இழப்பு. ஆறு வினாவுக்கு 30. ஆக, அவளுடைய அறிவு துளியும் மாறாமலே மதிப்பெண் 420-க்கும் 480-க்கும் இடையே ஆடும். சில முறை அதையும் தாண்டும். நான்கைந்து தேர்வுகளில் தொடர்ந்து இறங்கினால்தான் காரணம் தேட வேண்டும்.

நோபல் பரிசு பெற்ற உளவியலாளர் டேனியல் கானமன், இஸ்ரேல் விமானப்படைப் பயிற்சியாளர்களிடம் ஒரு நம்பிக்கையைக் கண்டார். மோசமாகப் பறந்தவரைத் திட்டினால் அடுத்த முறை நன்றாகப் பறக்கிறார் என்றார்கள் அவர்கள். வழக்கத்தைவிட மிக மோசமாகச் செய்தவர், திட்டினாலும் திட்டாவிட்டாலும் அடுத்த முறை தன் இயல்பான நிலைக்குத் திரும்பவே வாய்ப்பு அதிகம் என்று கானமன் விளக்கினார். மதிப்பெண் குறைந்ததும் பிள்ளையைத் திட்டி, அடுத்த தேர்வில் அது ஏறியதும் "திட்டினதாலதான்" என்று நம்பும் பெற்றோர் இதை யோசிக்க வேண்டும்.

மதிப்பெண்ணைவிடப் பயனுள்ளது தவறிய வினாக்களின் பட்டியல். 2006-இல் அமெரிக்க ஆய்வாளர்கள் ரோடிகர், கார்பிக் இருவரும் மாணவர்களுக்கு ஒரு பாடப்பகுதியைக் கொடுத்தார்கள். ஒரு குழு அதைத் திரும்பத் திரும்பப் படித்தது. இன்னொரு குழு ஒரு முறை படித்துவிட்டு, நினைவிலிருந்து மூன்று முறை எழுதிப் பார்த்தது. ஒரு வாரம் கழித்து முதல் குழுவுக்கு நினைவிருந்தது சுமார் 40 சதவீதம். எழுதிப் பார்த்த குழுவுக்கு 61. ஆனால் நன்றாக நினைவிருக்கும் என்று அதிகம் நம்பியது முதல் குழுதான். புரட்டிப் படிப்பது தரும் தைரியம் ஏமாற்றக்கூடியது.

பட்டர்ஃபீல்டும் மெட்காஃபும் 2001-இல் இன்னொன்றைக் காட்டினார்கள்: உறுதியாகச் சரி என்று நம்பி எழுதிய விடை தவறாகிவிட்டால், அதற்கான சரியான விடை மனத்தில் மேலும் நன்றாகப் பதிகிறது. "இதுகூடத் தப்பா?" என்று துணுக்குறும் அந்த வினாவே இனி மறக்காத வினாவாக வாய்ப்பு அதிகம், சரியான விடையை உடனே பார்த்துவிட வேண்டும், அவ்வளவுதான்.

எனவே வினாத்தாளை ஒளித்து வைக்க வேண்டாம். தவறுகளை மூன்றாகப் பிரியுங்கள்: தெரியாதவை, குழம்பியவை, அவசரத்தில் தவறியவை. குழம்பியவற்றை முதலில் எடுங்கள். குறைந்த நேரத்தில் அதிகம் மீட்கலாம். இரண்டு நாள் கழித்துப் புத்தகம் பார்க்காமல் மறுபடி எழுதுங்கள். இரவுத் தூக்கத்தைக் குறைக்காதீர்கள்; படித்தது மூளையில் நிலைபெற அது உதவுகிறது. மனம் தாங்காமல் போனால் 104 அல்லது 14416 உதவி எண்ணை அழைத்துப் பேசுங்கள். அதில் வெட்கப்பட ஏதுமில்லை.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். "எத்தனை மார்க்?" என்று கேட்பதற்குப் பதிலாக, "எந்தக் கேள்வி தப்பாச்சு, இப்ப புரிஞ்சுதா?" என்று கேளுங்கள். தேர்வுக்கு முந்தைய நாட்களில் பிள்ளை பதில் சொல்லக்கூடிய கேள்வி அதுதான்.