வலியில்லாமல் பறிபோகும் பார்வை

கண் நொந்தால் நாம் பொறுத்திருப்பதில்லை. தூசு விழுந்தாலும், சிவந்தாலும், பீளை கட்டினாலும் வீட்டில் உள்ள எல்லோரும் கூடி வைத்தியம் சொல்லத் தொடங்கிவிடுவார்கள். நோகாத கண்ணைத்தான் எவரும் பொருட்படுத்துவதில்லை. இங்கு நாம் விளக்க எடுத்துக்கொண்ட நோய் நோகாத கண்ணில் வருவது. எச்.ஐ.வி. தொற்று உடலில் இருப்பதை அறியாமலே ஆண்டுக்கணக்கில் காலம் கடந்துபோனவர்களை அது பெரும்பாலும் பிடிக்கிறது.

இதற்குக் காரணமான கிருமியின் பெயர் சைற்றோமெகலோவைரசு. கலத்தைப் பெரிதாக்கும் வைரசு என்பது அதன் பொருள். சுருக்கமாகச் சீ.எம்.வீ. என்பார்கள். இக்கிருமி தொற்றிய கலத்தை நுணுக்குக்காட்டியில் பார்த்தால் ஆந்தையின் கண்போலத் தெரியும். கண்ணைப் பறிக்கும் கிருமிக்கு இப்படியோர் அடையாளம் வாய்த்தது விந்தைதான். கொப்புளிப்பானை உண்டாக்கும் கிருமிக்கு இது உறவு. உமிழ்நீர், சிறுநீர், தாய்ப்பால், உடலுறவு ஆகியவற்றால் பரவும். எம்மைப் போன்ற நாடுகளில் பெரும்பாலானோருக்குச் சிறு வயதிலேயே தொற்றிவிடுகிறது. சிலருக்கு இலேசான காய்ச்சல் வரும், பலருக்கு எதுவுமே தெரியாது. இதை எழுதும் எம்மிடமும் இருக்கக்கூடும். ஆகவே இரத்தப் பரிசோதனையில் சீ.எம்.வீ. முன்பு தொற்றிய அடையாளம் உண்டு என்று வந்தால் மட்டும் கலங்க வேண்டியதில்லை. இதற்கு அஞ்சித் தாய்ப்பாலை நிறுத்தவும் வேண்டாம்.

தொற்றிய கிருமி உடலைவிட்டுப் போவதில்லை. கோரையை அறிந்த கமக்காரருக்கு இதை விளக்குவது கடினமல்ல. எத்தனை முறை உழுதாலும் அதன் கிழங்கு மண்ணுக்குள் கிடக்கும். பயிர் அடர்ந்து நிழல் விழுந்தால் கோரை ஒடுங்கும். பயிர் நோய்ப்பட்டு நிலத்தில் வெயில் விழுந்ததோ, ஒரு கிழமைக்குள் வயல் முழுவதும் கோரைதான். எமது உடலில் அந்த நிழலைத் தருவது நோயெதிர்ப்புச் சக்தி. எச்.ஐ.வி. அழிப்பது அதைத்தான்.

இந்த அழிவை எண்ணிக்கையால் அளக்கலாம். நோயெதிர்ப்பில் முக்கிய பங்கு வகிக்கும் சீ.டீ.4 எனும் வெண்கலங்கள் சுகதேகியின் ஒரு கன மில்லிமீற்றர் இரத்தத்தில் 500க்கு மேல் இருக்கும். எச்.ஐ.வி. தொற்றியவர் மருந்தெடுக்காவிட்டால் இத்தொகை ஆண்டுதோறும் குறைந்து செல்லும். 200க்குக் கீழே இறங்கினால் அது முற்றிய நிலை. 50க்கும் கீழே போகும்போதுதான் சீ.எம்.வீ. பெரும்பாலும் தலைதூக்குகிறது. தொற்றிலிருந்து இந்த நிலைக்கு வர எட்டு, பத்து ஆண்டுகள்கூட ஆகலாம். அதுவரை தோட்டம் கொத்தி, கூலிவேலை செய்து, திடகாத்திரமாகத் திரிந்தவராக அவர் இருக்கலாம்.

எயிட்ஸ் நோயின் வரலாறு தொடங்கிய இடத்திலேயே இக்கிருமி நிற்கிறது. 1981ஆம் ஆண்டு யூன் 5ஆந் திகதி ஐக்கிய அமெரிக்காவில் வெளியான முதல் அறிக்கை, லொஸ் ஏஞ்சல்ஸ் நகரில் அபூர்வமான நியூமோனியாவால் பீடிக்கப்பட்ட ஐந்து இளைஞரைப் பற்றியது. அந்த ஐவரிடமும் சீ.எம்.வீ. தொற்று இருந்தது. அதன்பின் வந்த ஆண்டுகளில் அந்நாட்டு எயிட்ஸ் நோயாளரில் பத்துப் பேரில் ஏறத்தாழ மூவருக்கு விழித்திரை இக்கிருமியால் பழுதடைந்தது. 1996 அளவில் எச்.ஐ.வி.க்கு வலுவான கூட்டு மருந்துகள் வந்ததும் இது வெகுவாகக் குறைந்தது. கண்ணுக்கெனப் புதிய வைத்தியம் வந்ததைவிட, நோயெதிர்ப்புச் சக்தி மீண்டதே அதற்கு முதற் காரணம்.

குடல், உணவுக்குழாய், நுரையீரல், மூளை என்று சீ.எம்.வீ. தாக்கும் இடங்கள் பல. ஆனால் மிக அதிகமாகத் தாக்குவது விழித்திரையை. கண்ணின் பின்சுவரில் படம் விழும் மெல்லிய திரை அது. அங்கே கிருமி சிறிது சிறிதாகப் பரவி, போகும் வழியெல்லாம் திரையை அழிக்கிறது. கண் சிவப்பதில்லை, நோவதில்லை. கண்ணுக்கு முன்னால் நுளம்பு பறப்பதுபோல் கரும்புள்ளிகள் மிதக்கலாம், மின்னல் வெட்டலாம், பார்வையின் ஓரத்தில் ஒரு பகுதி மறைந்துபோகலாம். ஓரத்தில் தொடங்கினால் எந்த அறிகுறியும் தெரியாமலே இருப்பதும் உண்டு. பெரும்பாலும் ஒரு கண்ணில் தொடங்குவதால் மற்றக் கண் குறையை மறைத்துவிடும். ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு மற்றக் கண்ணால் சுவரிலுள்ள கலண்டரைப் பார்ப்பது நல்ல பழக்கம். எனினும் அது போதாது. கண்மணியை மருந்துத் துளியால் விரியச் செய்து, விழித்திரை முழுவதையும் வைத்தியர் பார்த்தல் வேண்டும்.

அழிந்த பகுதி திரும்ப வராது. மிஞ்சியதையும் மற்றக் கண்ணையும் காப்பாற்றலாம். கான்சிக்லோவிர் என்ற மருந்தை நாளத்தின் ஊடாகவோ கண்ணுக்குள் ஊசியாகவோ ஏற்றுவார்கள். வல்கான்சிக்லோவிர் மாத்திரையாகக் கொடுக்கப்படும். ஏழை நாடுகளுக்கு எட்டாத விலையில் இருந்த இந்த மாத்திரை 2013இல் ஏற்பட்ட உடன்பாட்டால் பல நாடுகளுக்கு வெகுவாக விலை குறைந்தது. 2015இல் உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலிலும் சேர்ந்தது. மியன்மாரில் கண் வைத்தியர் கிடைக்காத இடங்களில், எயிட்ஸ் சிகிச்சை நிலைய வைத்தியர்களுக்கே விழித்திரையைப் பார்க்கும் பயிற்சி கொடுக்கப்பட்டது. வசதி குறைந்த இடத்திலும் வழி உண்டு என்பதற்கு இது நல்ல உதாரணம்.

ஆனால் நோயாளர் வருவது பிந்திவிட்டால் மருந்து மலிந்தும் பயன் குறைவே. ஏன் பிந்துகிறது? இடம்பெயர்ந்து வாழ்வோருக்குக் கிளினிக் கொப்பி தொலைவதும், முகாம் மாறும்போது வைத்தியர் மாறுவதும் புதிதல்ல. அதைவிடப் பெரிய தடை வெட்கம். ‘கிளினிக் வாசலில் என்னைக் கண்டால் என்ன சொல்வார்கள்?’ என்ற பயம் பார்வையை இழக்கும்வரை ஆளை வீட்டில் வைத்திருக்கிறது. ஒரே கோப்பையில் தேநீர் குடிப்பதாலோ, தொடுவதாலோ, நுளம்பு கடிப்பதாலோ எச்.ஐ.வி. தொற்றாது என்பதை அயலவர் விளங்கிக்கொண்டால் அந்தப் பயத்தில் பாதி போய்விடும்.

இலங்கையில் கர்ப்பிணித் தாய்மாருக்கு எச்.ஐ.வி. பரிசோதனை கிளினிக்கிலேயே செய்யப்படுகிறது. தாயிடமிருந்து பிள்ளைக்கு இத்தொற்றுப் பரவுவதை ஒழித்த நாடு என 2019இல் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை அங்கீகரித்தது. ஆண்களுக்கு அப்படித் தானாக வரும் சந்தர்ப்பம் இல்லை. அவர்கள்தான் தேடிப் போகவேண்டும். அரச வைத்தியசாலைகளோடு இணைந்த பாலியல் நோய்ச் சிகிச்சை நிலையங்களில் பரிசோதனையும் மருந்தும் இலவசம், இரகசியம் காக்கப்படும். காரணமின்றி மெலிதல், மாதக்கணக்கில் வயிற்றோட்டம், வாயில் வெண்படை, காசநோய் இவற்றில் ஒன்று இருந்தாலும் பரிசோதனையைக் கேட்டுப் பெறுங்கள். தொற்றி முதற் சில கிழமைகளில் பரிசோதனை பிழைக்கலாம் என்பதால், சந்தேகமிருந்தால் மூன்று மாதத்தின் பின் மீண்டும் செய்விப்பது நல்லது.

மருந்து தொடங்கியவருக்கு ஒரு வார்த்தை. நோயெதிர்ப்புச் சக்தி மீளும்போது, விழித்திரையில் முன்பிருந்த தொற்றோடு அது போரிடுவதால் கண் மறுபடியும் மங்கலாம். மருந்துதான் கண்ணைக் கெடுக்கிறது என்று எண்ணிச் சிலர் எல்லாவற்றையும் நிறுத்திவிடுகிறார்கள். நிறுத்தாமல், அந்தக் கிழமையே கண் வைத்தியரிடம் போங்கள். இந்த அழற்சிக்கும் மருந்து உண்டு.