அலுமினியச் சக்கரத்தின் கண்ணுக்குத் தெரியாத கவசம்

1924-ஆம் ஆண்டு பிரான்சு நாட்டின் லியோன் நகரில் நடந்த கார்ப் பந்தயத்தில் புகாட்டி நிறுவனத்தின் கார்கள் வார்ப்பு அலுமினியச் சக்கரங்களுடன் ஓடின. இன்று 'அலாய் வீல்' என்ற பெயரில் அவற்றைத் தெருவெங்கும் காண்கிறோம். எஃகின் அடர்த்தியில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் அலுமினியத்தின் அடர்த்தி. இத்தகைய சக்கரம் துருப்பிடிப்பதில்லை என்பார்கள். ஆனால், தவறான திரவத்தால் கழுவினால் ஒரே நாளில் மங்கிப் போகும். இது ஏன்?

உண்மையில் அலுமினியம் இரும்பைவிட எளிதாக ஆக்சிஜனுடன் சேரும் உலோகம். சுரண்டிய இடத்தில் காற்றுப் பட்டவுடனே அங்கு அலுமினியம் ஆக்சைடுப் படலம் உண்டாகிவிடும். அதன் தடிமன் ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சமாகப் பிரித்தால் வரும் பங்குகளில் சிலவே! இரும்புத் துரு பொருக்காக உதிர்ந்து, உள்ளிருக்கும் இரும்பையும் காற்றுக்குக் காட்டிவிடுகிறது. இப்படலமோ உலோகத்தை இறுகப் பற்றி, ஆக்சிஜனை மேற்கொண்டு உள்ளே விடுவதில்லை. இதுவே அலுமினியத்தின் கவசம்.

இக்கவசத்துக்கு ஒரு பலவீனம் உண்டு. அலுமினியம் ஆக்சைடு ஈரியல்புத் தன்மை உடையது. அமிலத்திலும் கரையும், காரத்திலும் கரையும். அலுமினிய இட்லிப் பானையின் உட்புறம் கறுத்துவிட்டால் புளி போட்டுக் கொதிக்க வைப்பார்கள் அல்லவா? புளியிலுள்ள அமிலம் அக்கறுத்த படலத்தைக் கரைப்பதால்தான் பானை வெளுக்கிறது. அமிலம் வலுவாக இருந்தால் படலத்தோடு நில்லாமல் உலோகத்தையும் அரிக்கும். எரிசோடா கலந்த திரவங்களும் அப்படியே.

சக்கரத்தில் படியும் கருந்தூள் பிரேக்கிலிருந்து வருவது. பிரேக் பட்டையும் வார்ப்பிரும்புத் தட்டும் உராய்ந்து தேயும்போது சூடான இரும்புத் துகள்கள் பறந்து வந்து ஒட்டிக்கொள்கின்றன. நாளடைவில் அவை துருப்பிடித்துப் பழுப்புப் புள்ளிகளாகின்றன. இவற்றை நொடியில் போக்குவதாகச் சொல்லும் சில திரவங்களில் ஹைட்ரோஃபுளூரிக் அமிலமோ அமோனியம் பைஃபுளூரைடோ இருப்பதுண்டு. இவை பொல்லாதவை. தோலில் பட்டதும் எரியாமலே இருக்கலாம். வலி சில மணி நேரம் கழித்துத் தொடங்கும். அதற்குள் ஃபுளூரைடு உட்புகுந்து, இதயத் துடிப்புக்கு வேண்டிய கால்சியத்தைப் பிணைத்துவிடும். உயிருக்கே ஆபத்து நேரலாம். புட்டியின் மேல் இப்பெயர்களைக் கண்டால் தொடாதீர்கள்.

சாதாரண அழுக்குக்கு மென்மையான சோப்பு நீரே போதும். ஓடி வந்த கார் ஆறட்டும். சூடான சக்கரத்தில் சோப்பு நீர் காய்ந்து திட்டுத் திட்டாகப் படியும். முதலில் நீரைப் பாய்ச்சி மணலை அகற்றிவிட்டு, மிருதுவான தூரிகையால் தேய்க்கவேண்டும். இரும்பு நார் கூடாது. அது கீறுவதோடு, கீறலில் இரும்புத் துணுக்குகளையும் விட்டுச் செல்லும். இரும்பும் அலுமினியமும் உப்பு ஈரத்தில் தொட்டுக்கொண்டால் சிறு மின்கலம் போலாகி, அலுமினியம் கரையத் தொடங்கும்.

பெரும்பாலான சக்கரங்களின்மேல் தொழிற்சாலையிலேயே நிறமற்ற மெருகுப் பூச்சு ஒன்றும் உண்டு. துடைக்கும்போது அதில் கல் பட்டுப் பெயர்ந்த இடம் இருக்கிறதா என்று பாருங்கள். அதன் ஓரத்திலிருந்து வெண்மையான நூல்போன்ற கோடுகள் பூச்சுக்கு அடியில் ஓடினால், அரிப்பு தொடங்கிவிட்டது என்று பொருள். அதற்குச் சோப்பு உதவாது; அவ்விடத்தைச் சுரண்டி மீண்டும் பூச்சுப் பூசவேண்டும்.