காருக்குள்ளும் ஒரு பைல்! ரீமேப்பிங் செய்தால் கூடும் குதிரைத் திறன்

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்களுக்குக் கொஞ்ச நாளில் ஓர் ஆசை வரும். இதே கம்ப்யூட்டரை இன்னும் வேகமாக ஓட வைக்க முடியாதா? சிலர் ராம் மெமரியைக் கூட்டுவார்கள். தைரியசாலிகள் பயாஸ் செட்டிங்குகளுக்குள் சென்று பிராசசரின் வேகத்தையே ஏற்றி விடுவார்கள். இதற்கு ஓவர்கிளாக்கிங் என்று பெயர். கார்ப் பிரியர்களுக்கும் இதே ஆசை உண்டு. அவர்கள் செய்வதற்கு ரீமேப்பிங் என்று பெயர். ஒரு லேப்டாப், ஒரு கேபிள், ஒரு பைல். ஸ்பேனரைத் தொடாமலேயே இன்ஜினின் சக்தி கூடுகிறது என்றால் நம்புவீர்களா? தாராளமாக நம்பலாம். அதே பைலால் பிஸ்டன் உடைந்து இன்ஜின் குப்பைக்குப் போகும் என்பதையும் சேர்த்து நம்ப வேண்டும்.

இந்த வேலைக்குப் பெயர் போன கார்கள் இரண்டு. ஒன்று சுபாரு இம்ப்ரெஸா எஸ்.டி.ஐ.; மற்றது மிட்சுபிஷி லான்சர் எவல்யூஷன். (சென்னைக்கு அருகே திருவள்ளூரில் 1998 முதல் தயாரிக்கப்பட்ட சாதுவான லான்சரின் முரட்டு அண்ணன் தான் இந்த எவல்யூஷன்!) உலக ராலி பந்தயத்தில் இரண்டும் மோதிக் கொண்டன. மிட்சுபிஷி ஓட்டிய டாமி மேக்கினன் 1996 முதல் 1999 வரை தொடர்ந்து நான்கு ஆண்டுகள் சாம்பியன். சுபாருவில் காலின் மெக்ரே 1995லும், ரிச்சர்ட் பர்ன்ஸ் 2001லும், பெட்டர் சோல்பெர்க் 2003லும் பட்டம் வென்றார்கள்.

ஜப்பானியக் கார் நிறுவனங்கள் தங்களுக்குள் ஓர் ஒப்பந்தம் வைத்திருந்தன. 280 பி.எஸ்.ஸுக்கு மேல் சக்தி உள்ள காரை உள்நாட்டில் விற்பதில்லை என்பது தான் அது. (பி.எஸ். என்பது குதிரைத் திறனின் மெட்ரிக் அளவு.) 1989ல் தொடங்கிய இந்தக் கட்டுப்பாடு 2004ல் முடிவுக்கு வந்தது. ஆக, உள்ளே இருக்கும் இரும்பு இன்னும் தாங்கும். சாப்ட்வேர் தான் கை கட்டி நிற்கிறது. ரீமேப் செய்பவர்களுக்கு இதை விட வேறென்ன வேண்டும்?

இங்கிலாந்தில் விற்கப்பட்ட 2 லிட்டர் எஸ்.டி.ஐ. காரின் சக்தி 265 பி.எஸ். சுபாருவின் ராலி அணியை நடத்திய புரோடிரைவ் நிறுவனம் அதற்கு ஒரு 'பெர்பார்மன்ஸ் பேக்' விற்றது. சைலன்சர் பகுதியை மாற்றி, கார் கம்ப்யூட்டரில் உள்ள புரோகிராமையும் மாற்றினார்கள். சக்தி 305 பி.எஸ். ஆனது. அதாவது சுமார் 15 சதவீதம் கூடுதல். சிலிண்டரின் அளவு மாறவில்லை; பிஸ்டன் மாறவில்லை.

பைலில் என்ன இருக்கிறது?

கார் இன்ஜினை இயக்கும் கம்ப்யூட்டருக்கு இ.சி.யு. என்று பெயர். 2004 மாடல் எஸ்.டி.ஐ. காரின் இ.சி.யு.வில் உள்ள சிப் ஹிட்டாச்சி நிறுவனத்தின் எஸ்.எச். குடும்பத்தைச் சேர்ந்தது. அதன் வேகம் வெறும் 40 மெகாஹெர்ட்ஸ். பிளாஷ் மெமரி 512 கே.பி. மட்டுமே. ஒரு காலத்தில் நாம் பயன்படுத்திய 1.44 எம்.பி. பிளாப்பி டிஸ்க்கில் இப்படி இரண்டு பைல்களைப் போட்டும் இடம் மீதி இருக்கும்!

இந்தச் சின்ன சிப் செய்யும் வேலையைக் கேட்டால் ஆச்சரியமாக இருக்கும். இன்ஜின் நிமிடத்திற்கு 6,000 சுற்று சுற்றுகிறது என்றால் நொடிக்கு 100 சுற்று. நான்கு சிலிண்டர் இன்ஜினில் நொடிக்கு 200 முறை ஸ்பார்க் பிளக்கில் தீப்பொறி விழ வேண்டும். ஒவ்வொரு முறையும் எவ்வளவு பெட்ரோல் தெளிக்க வேண்டும், தீப்பொறி எப்போது விழ வேண்டும் என்று முடிவு செய்ய 5 மில்லி செகண்ட் தான் அவகாசம். உட்கார்ந்து கணக்குப் போட நேரம் இல்லை. எனவே விடைகளை முன்கூட்டியே அட்டவணையாக எழுதி வைத்து விடுகிறார்கள். நீங்கள் எக்ஸெல் பார்த்திருப்பீர்கள் அல்லவா? அதே போலத் தான். இன்ஜினின் சுற்று வேகம் ஒரு பக்கம். உள்ளே போகும் காற்றின் அளவு இன்னொரு பக்கம். இரண்டும் சந்திக்கும் செல்லில் ஓர் எண். இந்த அட்டவணைக்குத் தான் 'மேப்' என்று பெயர். அதை மாற்றி எழுதுவது ரீமேப்பிங்.

முக்கியமான மேப்கள் மூன்று. முதலாவது பூஸ்ட். டர்போ என்பது புகை வெளியேறும் வேகத்தில் சுழலும் ஒரு விசிறி. அது வெளிக்காற்றை அழுத்தி இன்ஜினுக்குள் தள்ளுகிறது. டயருக்குக் காற்றடிக்கும் போது பவுண்டு கணக்கு சொல்கிறோமே, இங்கும் அதே கணக்கு தான். கம்பெனி 14, 15 பவுண்டு வைத்திருந்தால் டியூனர் அதை 18, 19 ஆக்குவார். காற்று அதிகம் போனால் பெட்ரோலும் அதிகம் எரிக்கலாம். டர்போ இல்லாத காரில் ரீமேப் செய்து பெரிய பலன் கிடைக்காததற்கு இது தான் காரணம். அங்கே காற்றைக் கூட்டச் சொல்லி உத்தரவிட ஆளே இல்லை.

இரண்டாவது பெட்ரோல் அளவு. முழுமையாக எரிய 14.7 பங்கு காற்றுக்கு 1 பங்கு பெட்ரோல் (எடைக் கணக்கில்) போதும். ஆனால் டர்போ முழு வேகத்தில் இருக்கும் போது 11 பங்கு காற்றுக்கே 1 பங்கு பெட்ரோல் கொடுப்பார்கள். கூடுதல் பெட்ரோல் உள்ளே இருக்கும் சூட்டைத் தணிக்கிறது. மூன்றாவது இக்னிஷன் டைமிங். பிஸ்டன் உச்சிக்கு வருவதற்கு எத்தனை டிகிரி முன்னால் தீப்பொறி விழ வேண்டும் என்பது. சக்தி இங்கே தான் ஒளிந்திருக்கிறது. ஆபத்தும் இங்கே தான்.

மாற்றங்கள் செய்த கார் என்றால்?

ஆர்வம் உள்ளவர்கள் சும்மா இருப்பார்களா? பெரிய சைலன்சர் குழாய், காற்று தாராளமாகப் போகும் ஏர் பில்டர், பெரிய டர்போ என்று மாற்றிக் கொண்டே போவார்கள். புதிய ஹார்ட்வேரைச் செருகி விட்டு டிரைவர் சாப்ட்வேர் போடாமல் விட்டால் என்ன ஆகும்? அதே கதை தான் இங்கும். காரில் என்ன மாறியது என்று இ.சி.யு.வுக்குத் தெரியாது.

ஓர் உதாரணம். சுபாருவில் உள்ளே போகும் காற்றை அளக்கும் சென்சார் ஏர் பில்டரை அடுத்த குழாயில் இருக்கிறது. குழாயின் விட்டத்தைக் கூட்டி விட்டால் சென்சார் காற்றைக் குறைவாக அளக்கும். இ.சி.யு. அதை நம்பிப் பெட்ரோலைக் குறைவாகத் தெளிக்கும். இன்ஜின் சூடாகும். இன்னொன்று: பெரிய இன்ஜெக்டர் மாட்டினால் அதே நேரத்தில் அதிகப் பெட்ரோல் கொட்டும். சைலன்சரை மட்டும் மாற்றினாலோ பூஸ்ட் எல்லை மீறி, பயந்து போன இ.சி.யு. பெட்ரோலை நிறுத்தி விடும். கார் தலையில் அடித்தது போல் குலுங்கி நிற்கும். காசு செலவழித்தும் கார் முன்பை விட மோசமாக ஓடுகிறதே என்று புலம்புபவர்கள் பெரும்பாலும் இந்த வகை தான். ஹார்ட்வேர் கதவைத் திறந்து வைக்கிறது. மேப் மாறினால் தான் சக்தி உள்ளே வரும்.

மிட்சுபிஷியின் இங்கிலாந்து பிரிவு விற்ற எவல்யூஷன் எப்.க்யூ.400 மாடலில் அதே 2 லிட்டர் இன்ஜினில் இருந்து 405 குதிரைத் திறன் எடுத்தார்கள். அங்கே பைல் மட்டும் மாறவில்லை. டர்போ, பிஸ்டன், கனெக்டிங் ராடு எல்லாமே வேறு. இந்த வித்தியாசத்தை மறந்து விட்டு எண்ணை மட்டும் பார்ப்பது ஆபத்து.

அடுத்தவர் பைல் வேண்டாம்

உங்களுடையதும் அதே மாடல் தானே என்று நண்பர் தன் காரின் பைலை அனுப்பி வைப்பார். வாங்காதீர்கள். அவர் இங்கிலாந்தில் கிடைக்கும் 99 ஆக்டேன் பெட்ரோலுக்கு டியூன் செய்திருப்பார். அதே பைலை 95 ஆக்டேன் போடும் காரில் ஏற்றினால், தீப்பொறி முடிக்க வேண்டிய வேலையை முந்திக் கொண்டு பெட்ரோல் தானாக வெடிக்கும். இது தான் நாக்கிங். பிஸ்டன் மேல் சுத்தியலால் அடிப்பது போன்றது. சுபாருவின் 2.5 லிட்டர் டர்போ இன்ஜினில் பிஸ்டன் ரிங்குகளுக்கு இடையே உள்ள விளிம்பு உடைவது பிரசித்தம்.

இன்ஜினில் நாக்கிங்கை ஒட்டுக் கேட்க ஒரு சென்சார் உண்டு. சத்தம் கேட்டதும் இ.சி.யு. டைமிங்கைப் பின்னுக்கு இழுக்கும். அதை நினைவிலும் வைத்துக் கொள்ளும். 32 பிட் சுபாரு இ.சி.யு.வில் 'அட்வான்ஸ் மல்டிப்ளையர்' என்று ஓர் எண் இருக்கிறது. அது 1 என்று காட்டினால் நலம். அதற்குக் கீழே இறங்கினால் இன்ஜின் ஏற்கெனவே அடி வாங்கியிருக்கிறது என்று அர்த்தம். லேப்டாப்பை இணைத்தால் இதை யாரும் பார்க்கலாம்.

நல்ல டியூனர் முதலில் காரில் உள்ள ஒரிஜினல் பைலைப் படித்து பேக் அப் எடுத்து விடுவார். எக்குபிளாஷ், ரோம்ரைடர் என்ற புரோகிராம்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. டேஷ்போர்டின் கீழே உள்ள போர்ட்டில் கேபிளைச் செருக வேண்டும். பழைய சுபாருவில் அங்கேயே தொங்கும் இரண்டு பச்சைக் கனெக்டர்களையும் ஒன்றோடொன்று இணைத்தால் தான் எழுத முடியும். எழுதும் போது பேட்டரி இறங்கி விட்டால்? பயாஸ் அப்டேட்டின் நடுவே கரண்ட் போன மதர்போர்டின் கதி தான். அதனால் பேட்டரிக்கு சார்ஜர் மாட்டி வைத்தே வேலையைத் தொடங்குவார்கள்.

பிறகு காரை ரோலிங் ரோடு என்ற உருளைகள் மேல் ஏற்றி, நின்ற இடத்திலேயே முழு வேகத்தில் ஓட்டுவார்கள். ஒவ்வொரு ஓட்டத்திலும் காற்று பெட்ரோல் விகிதம், நாக்கிங் எல்லாம் லேப்டாப்பில் பதிவாகும். சில செல்களை மாற்றி, எழுதி, மீண்டும் ஓட்டுவார்கள். கடைசியில் ஒரு கிராப் கையில் கிடைக்கும். அதன் உச்ச எண்ணை மட்டும் பார்த்து மயங்க வேண்டாம். சக்கரத்தில் அளந்ததும் இன்ஜினில் இருப்பதாகக் கணக்கிட்டதும் வேறு வேறு எண்கள். ஒரே மெஷினில், ஒரே நாளில், ரீமேப்புக்கு முன்னும் பின்னும் எடுத்த கோடுகளை ஒப்பிடுவது தான் நியாயம். என்னைக் கேட்டால் 7,000 சுற்றில் கூடும் 30 குதிரையை விட, 3,000 சுற்றில் கூடும் 15 குதிரை தான் தினசரி ஓட்டத்தில் உதவும்.

இங்கிலாந்தில் ரீமேப் செய்ததை இன்சூரன்ஸ் கம்பெனிக்குச் சொல்லியே ஆக வேண்டும். மறைத்தால் விபத்து நேரத்தில் கிளைம் கிடைக்காமல் போகலாம். செகண்ட் ஹேண்டில் இந்த மாதிரிக் கார் வாங்கும் விவரமானவர்கள் அங்கே மூன்று கேள்வி கேட்கிறார்கள். இப்போது உள்ள மேப் எந்த டர்போவுக்கும் எந்தப் பெட்ரோலுக்கும் எழுதப்பட்டது? ரோலிங் ரோடு கிராப் இருக்கிறதா? ஒரிஜினல் பைல் எங்கே? மூன்றுக்கும் பதில் வராத காரை ஓட்டிப் பார்க்கக் கூட அவர்கள் சாவியை வாங்குவதில்லை.