பிளானில் இல்லாத மாடி

வீடு பிடித்துவிட்டது. விலையும் படிந்துவிட்டது. அட்வான்ஸ் கைமாறி, வாங்குபவர் வீட்டுக் கடனுக்கும் எழுதிக் கொடுத்துவிட்டார். ஒரு காலை வங்கியின் வேல்யுவேட்டர் வருகிறார். மாநகராட்சி முத்திரை குத்திய பழைய நீல வரைபடத்தின் நகலைப் போர்ட்டிகோவில் நிற்கும் ஸ்கூட்டர் சீட்டில் விரித்துக்கொள்கிறார். டேப்பின் ஒரு முனையை வீட்டுக்காரரின் மகனிடம் கொடுத்துவிட்டுப் பக்கச் சுவரிலிருந்து காம்பவுண்டு வரை அளக்கப் போகிறார். அளக்க இடமில்லை. வரைபடத்தில் காலியாக விட்டிருந்த அந்தச் சந்தில் மாடிப்படி ஏறுகிறது. படியேறிப் போனால் இரண்டு படுக்கையறை, ஹால், சமையலறை என்று முழுசாக ஒரு வீடு. வரைபடத்தில் இருப்பதோ தரைத்தளம் மட்டும். அவர் யாரையும் எதுவும் கேட்பதில்லை. கையிலிருக்கும் படிவத்தில் முதல் தளத்துக்கு நேராக ஒரு வரி எழுதிக்கொண்டு கிளம்பிவிடுகிறார். சில நாள் கழித்து, வங்கி குறைத்துச் சொன்ன கடன் தொகையோடு வாங்குபவரின் ஃபோன் வருகிறது.

சென்னையிலும் கோவையிலும் மதுரையிலும் தனி வீட்டை விற்கப் போகிறவர்கள் பலர் தடுக்கி விழுவது இந்த இடத்தில்தான். மாடி இருப்பது எல்லோருக்கும் தெரியும். அதற்கு அனுமதி இல்லை என்பது விற்பவருக்கு மட்டும் தெரியும். அல்லது கட்டியவர் காலமான பிறகு பிள்ளைகளுக்கே தெரியாது. இந்தப் பேச்சை அட்வான்ஸ் வாங்கும் முன்பே பேசிவிட வேண்டும் என்பதுதான் இந்தக் கட்டுரை சொல்ல வருவது. பேசாமல் விட்டால் சுமை இன்னொரு குடும்பத்தின் தலையில் போய் உட்காருகிறது. அந்தக் குடும்பமும் வாழ்நாள் சேமிப்பைத்தான் கொண்டுவந்து கொடுக்கிறது.

இப்படிக் கட்டியவர்களில் பெரும்பாலோர் பேராசைக்காரர்கள் இல்லை. அரை கிரவுண்டு வாங்கி, கையிலிருந்த காசுக்குக் கீழ் வீட்டைக் கட்டும்போதே மொட்டை மாடியில் தூண் கம்பிகளை நீட்டி விட்டிருப்பார்கள். பிற்பாடு பெரியவனுக்குக் கல்யாணம் ஆகும்போதோ, பி.எஃப். பணம் கைக்கு வரும்போதோ, வாடகை வந்தால் மருந்துச் செலவுக்கு ஆகும் என்று தோன்றும்போதோ அந்தக் கம்பிகளின் மேல் மாடி எழும்பும். மேஸ்திரி தெரிந்தவர். பிளான் அப்ரூவலுக்கு அலைந்தால் மாதக்கணக்கில் ஆகும் என்று யாராவது சொல்லியிருப்பார்கள். அது அன்றைக்குப் பொய்யும் இல்லை. இப்போது 2,500 சதுர அடி வரையுள்ள மனையில் 3,500 சதுர அடிக்குள் தரைத்தளமும் ஒரு மாடியும் கட்டுகிறவர்கள் சுயசான்று கொடுத்து இணையத்திலேயே உடனடியாக அனுமதி பெறலாம். ஆனால் இந்த வசதியைத் தமிழக அரசு தொடங்கியது 2024 ஜூலையில். ஏற்கெனவே எழும்பி நிற்கும் மாடிகளுக்கு அது தாமதமாக வந்த நல்ல காரியம்.

‘மாடிக்குச் சேர்த்துத்தான் சொத்து வரி கட்டுகிறோம், தனி மீட்டர் இருக்கிறது, பிறகென்ன?’ விற்கிறவர்கள் மனதார நம்பிச் சொல்வது இதைத்தான். சொத்து வரி, கட்டடம் இருப்பதற்காக வாங்கும் வரி. அனுமதி இருக்கிறதா என்று பார்த்து அது போடப்படுவதில்லை, அந்த ரசீது அனுமதியும் ஆகாது. மின் இணைப்பும் அப்படியே. பட்டா மனைக்கு உரியது. வில்லங்கச் சான்று பதிவான பத்திரங்களைக் காட்டுவது. இவற்றில் எந்தத் தாளிலும் மாடிக்கு அனுமதி உண்டா என்ற கேள்விக்குப் பதில் இருக்காது. அந்தப் பதில் திட்ட அனுமதியிலும் அதோடு இணைந்த வரைபடத்திலும் மட்டும்தான்.

சென்னைப் புறநகரில் இன்னொரு சிக்கலும் சேரும். போரூர், பெருங்குடி, சோழிங்கநல்லூர் போன்ற பகுதிகள் 2011இல்தான் மாநகராட்சியோடு இணைந்தன. அதற்கு முன் இப்படிப்பட்ட பகுதிகளில் உள்ளாட்சி அலுவலகம் முத்திரை போட்டுக் கொடுத்த பிளானையே நம்பிக் கட்டியவர்கள் உண்டு. அந்த முத்திரைக்கு அந்த அளவு கட்டடத்தை அனுமதிக்கும் அதிகாரம் அன்றைக்கு இருந்ததா என்று இப்போது வங்கியின் வக்கீல் கேட்கிறார். கையில் பிளான் வைத்திருந்தும் லீகல் ஒப்பீனியனில் சிக்குகிறவர்கள் இவர்கள். இவர்கள் நிலைமைதான் எனக்கு மிகவும் வருத்தம் தருகிறது.

கணக்கு எங்கே உதைக்கிறது என்று ஓர் உதாரணம். வீட்டுக்கு 80 லட்சம் பேசியிருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். மனையும் கீழ் வீடும் 60 லட்சம், மாடி 20 லட்சம். 30 லட்சத்துக்கு மேல் 75 லட்சம் வரையிலான வீட்டுக் கடனில், சொத்து மதிப்பில் 80 சதவீதத்துக்கு மேல் போகக்கூடாது என்பது ரிசர்வ் வங்கி விதி. முழு மதிப்பையும் எடுத்துக்கொண்டால் 64 லட்சம் வரை கடன் கிடைக்கும். மாடியைக் கழித்தால் 48 லட்சம்தான். இடையில் 16 லட்சம் துண்டு விழுகிறது. பத்திரச் செலவுக்கு முத்திரைத் தீர்வை 7 சதவீதமும் பதிவுக் கட்டணம் 2 சதவீதமும் ஏற்கெனவே எடுத்து வைத்திருப்பவர் இந்தப் பதினாறுக்கு எங்கே போவார்? மாடி முழுக்க அனுமதியில்லாதது என்றால் கடனே தராத வங்கிகளும் உண்டு. கடைசியில் வாங்குபவர் அட்வான்ஸைத் திருப்பிக் கேட்பார். விற்பவரோ அதை மகள் கல்யாணத்துக்கோ அடுத்த வீட்டுக்கோ கொடுத்து முடித்திருப்பார். மனத்தாங்கல் அங்கேதான் ஆரம்பிக்கிறது.

‘அரசாங்கம் எப்படியும் வரன்முறைப்படுத்தும்’ என்று காத்திருப்பவர்களுக்கும் ஒரு வரலாறு இருக்கிறது. 1971ஆம் ஆண்டின் தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டத்தில் 113-ஏ என்ற பிரிவைச் சேர்த்து, 1999 பிப்ரவரி 28க்குள் கட்டி முடித்த விதிமீறல் கட்டடங்களைக் கட்டணம் வாங்கிக்கொண்டு வரன்முறைப்படுத்த வழி செய்தார்கள். 2000இல் உச்ச நீதிமன்றம் அதை ஒரே ஒரு முறைக்கான ஏற்பாடு என்ற அளவில் ஏற்றுக்கொண்டது. ஆனாலும் கெடு தேதி 2002 மார்ச் வரை திரும்பத் திரும்பத் தள்ளிப்போயிற்று. அந்த நீட்டிப்புகளைச் சென்னை உயர் நீதிமன்றம் 2006இல் ரத்து செய்தது. 2012இல் 113-சி வந்தது. 2007 ஜூலை 1க்கு முன் கட்டியவற்றுக்கு மட்டும் பொருந்தும் அந்தப் பிரிவுக்கு 2017இல்தான் விதிகள் வெளியாயின. ஒவ்வொரு திட்டமும், விதிப்படி கட்டியவனை ஏமாளி ஆக்கி, அடுத்த திட்டத்துக்கான எதிர்பார்ப்பையும் விதைத்துவிட்டுப் போயிற்று. 2007 ஜூலை 1க்குப் பிறகு எழும்பிய மாடியை வைத்துக்கொண்டு, இன்னொரு கெடு வரும் என்று நம்பி விற்பனை பேசுவது தவறு என்றே சொல்வேன்.

நீதிமன்றங்களின் போக்கும் இறுகிவிட்டது. மீரட்டில் குடியிருப்பு மனையில் கடைகள் கட்டிய வழக்கில், 2024 டிசம்பர் 17 அன்று நீதிபதிகள் ஜே.பி. பர்திவாலா, ஆர். மகாதேவன் அடங்கிய உச்ச நீதிமன்ற அமர்வு நாடு முழுவதற்கும் உத்தரவுகள் பிறப்பித்தது. கட்டட நிறைவுச் சான்றைச் சரிபார்த்த பிறகே வங்கிகள் கட்டடத்தின் மேல் கடன் தர வேண்டும், மின் இணைப்பும் குடிநீர் இணைப்பும் அந்தச் சான்றுக்குப் பிறகே என்பவை அவற்றில் சில. கட்டிப் பல வருஷம் ஆயிற்று, நிறையச் செலவழித்தாயிற்று, அதிகாரிகள் அப்போது கேட்கவில்லை என்பதெல்லாம் விதிமீறலுக்குப் பாதுகாப்பு ஆகாது என்றும் தீர்ப்பு சொல்கிறது. தமிழகத்தில் சிறிய வீடுகளுக்கு நிறைவுச் சான்றிலிருந்து விலக்கு இருக்கிறது. அந்த விலக்கு சான்றுக்குத்தான், அனுமதிக்கு இல்லை.

இத்தனைக்கும் நடுவில் வழி அடைபட்டுவிடவில்லை. விற்க நினைத்தவுடன், புரோக்கரிடம் சொல்வதற்கும் முன்பாக, பதிவு பெற்ற இன்ஜினீயர் ஒருவரை அழைத்து வீட்டை உள்ளபடி அளந்து வரையச் சொல்ல வேண்டும். பழைய வரைபடம் தொலைந்திருந்தால் அனுமதி கொடுத்த அலுவலகத்தில் நகலுக்கு விண்ணப்பிக்கலாம், தகவல் உரிமைச் சட்டத்திலும் கேட்கலாம். பிறகு இரண்டு வரைபடங்களையும் 2019ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளோடு வைத்துப் பார்க்க வேண்டும். இங்கேதான் சிலருக்கு நல்ல செய்தி காத்திருக்கிறது. சென்னைப் பெருநகரில் சாதாரணக் கட்டடங்களுக்கு முன்பு 1.5 ஆக இருந்த தளப்பரப்புக் குறியீடு, அதாவது எஃப்.எஸ்.ஐ., இந்த விதிகளில் 2 ஆயிற்று. 1,200 சதுர அடி மனையில் முன்பு 1,800 சதுர அடிதான் கட்டலாம் என்றிருந்தது, இப்போது 2,400. அன்றைக்கு அளவு மீறிய மாடி இன்றைய விதிக்குள் அடங்கக்கூடும். அப்படி அடங்கினால், கட்டியதைத் தக்கவைத்துக்கொள்ள அனுமதி கேட்டு விண்ணப்பிக்கச் சட்டத்திலேயே இடம் உண்டு.

எஃப்.எஸ்.ஐ. அடங்கினாலும், கட்டடத்தைச் சுற்றிக் காலியாக விட வேண்டிய இடம், அதாவது செட்பேக், பெரும்பாலும் இடிக்கும். முன்னே சொன்ன அந்தப் பக்கத்து மாடிப்படிதான் பல வீடுகளில் காரியத்தைக் கெடுக்கிறது. படியை இடித்துவிட்டு உள்ளுக்குள்ளேயே ஓர் அறையைக் குறைத்துப் படி வைக்க முடியுமா என்று பாருங்கள். கேட்கவே மனசு வலிக்கும் யோசனைதான். ஆனால் ஓர் அறையை இழந்து மாடி முழுவதையும் கணக்குக்குள் கொண்டுவர முடிந்தால் அது லாபம். மொட்டை மாடி ஷீட் அறை, பின்கட்டில் காம்பவுண்டை ஒட்டிய சமையலறை போன்றவற்றை விற்பதற்கு முன் எடுத்துவிடுவதே நல்லது.

இன்ஜினீயரிடம் கேட்க வேண்டிய இன்னொன்று பலம். கம்பி நீட்டிவிட்ட தூண் வீடு வேறு, ஒன்பது அங்குலச் செங்கல் சுவரே பாரத்தைத் தாங்கும் பழைய வீடு வேறு. ஒரு தளத்துக்கென்று போட்ட அஸ்திவாரத்தின் மேல் இன்னொரு தளம் ஏறியிருக்கிறதா? பழைய மொட்டை மாடியின் சுருக்கித் தளத்தையும் தட்டோட்டையும் பெயர்க்காமல், அதன் மேலேயே டைல்ஸ் ஒட்டி அத்தனை பாரத்தையும் அப்படியே விட்டிருக்கிறார்களா? கீழ் வீட்டுக் கதவு, ஜன்னல் மூலைகளிலிருந்து சாய்வாக விரிசல் ஓடுகிறதா? அனுமதி விவகாரத்தில் பணம்தான் போகும். இந்தக் கேள்விகளில் உயிர் இருக்கிறது. கட்டட உறுதிச் சான்று ஒன்றை வாங்கி வைத்துக்கொண்டு விற்பவர் அந்தத் தாளை வாங்குபவர் கையில் கொடுக்கட்டும்.

எதுவுமே சரிசெய்ய முடியாத மாடியும் உண்டு. அதையும் விற்கலாம், சொல்லி விற்க வேண்டும். விற்பவருக்குத் தெரிந்து, வாங்குபவர் சாதாரணக் கவனத்தோடு பார்த்தால் தெரியவராத முக்கியக் குறையை வெளிப்படுத்தியாக வேண்டும் என்று 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம், 55ஆவது பிரிவு சொல்கிறது. தெரிந்தே மறைப்பதை அது மோசடி என்றே குறிப்பிடுகிறது. மாடிதான் கண்ணெதிரே நிற்கிறதே என்று வாதாடலாம். நிற்பது மாடி, அனுமதி இல்லாதது கண்ணுக்குத் தெரியாது. கிரய ஒப்பந்தத்திலேயே அனுமதி உள்ள பரப்பு இவ்வளவு, அனுமதி இல்லாத பரப்பு இவ்வளவு என்று தனித்தனியாக எழுதி, அதற்கேற்ப விலை பேசி, கடன் கிடைக்காவிட்டால் அட்வான்ஸ் எத்தனை நாளில் திரும்பும் என்பதையும் சேர்த்துக்கொண்டால் இரண்டு பக்கமும் நிம்மதியாக இருக்கலாம். விலை குறையும்தான். மறைத்து விற்றுவிட்டுப் பல வருஷம் கோர்ட்டுக்கு அலைவதைவிட அந்தக் குறைவு சிறியது.

பத்திரத்தில் மாடியைக் காட்டாமல் விட்டுவிடலாம், முத்திரைத் தீர்வை மிச்சம் என்று புரோக்கர் சொல்வார். கேட்காதீர்கள். 2023 அக்டோபரிலிருந்து சொத்தின் புகைப்படத்தை இருப்பிட ஆயத்தொலைவுகளோடு பத்திரத்தில் சேர்க்க வேண்டியிருக்கிறது. குறைத்துக் காட்டிய கட்டடத்துக்கு விடுபட்ட தீர்வையைப் பிறகு வசூலிக்க வருவார்கள். விற்பவருக்கும் அதில் நஷ்டமே. மாடி கட்டிய செலவை மூலதன ஆதாயக் கணக்கில் மேம்பாட்டுச் செலவாகக் கழிக்க வேண்டுமானால், விற்ற சொத்தில் அந்த மாடி இருந்தாக வேண்டும். 2024 ஜூலை 23க்கு முன் வாங்கிய வீட்டுக்கு 12.5 சதவீத வரியா, பணவீக்கக் குறியீட்டைச் சேர்த்து 20 சதவீத வரியா, எது குறைவோ அதன்படி கட்டும் வாய்ப்பு உள்நாட்டில் வசிக்கும் தனிநபர்களுக்கு உண்டு. எந்தக் கணக்கானாலும் செலவுக்கு ஆதாரம் கேட்பார்கள். அப்பா பீரோவில் கட்டி வைத்த சிமென்ட் கடை பில், கம்பி பில், மேஸ்திரிக்குக் கொடுத்த செக்கின் அடிக்கட்டை எல்லாவற்றையும் தேடி எடுத்து ஆடிட்டரிடம் கொடுங்கள்.