வச்சநாபி: சுடவைக்கும் நஞ்சு

விழுப்புரம், திண்டிவனம் பக்கத்து வெயிலில் வச்சநாபிச் செடி பிழைக்காது. இமயமலையில், 2000 மீட்டருக்கும் மேலான குளிர்ச் சரிவுகளில் வளர்வது. காய்ந்த கிழங்காகத் தெற்கே வந்து, ‘நாபி’ என்ற பெயரில் சித்த மருத்துவத்தில் இடம்பிடித்தது. இதன் நெருங்கிய உறவான கிழங்கைச் சீனாவின் சிச்சுவானில் பயிரிட்டு ‘ஃபூட்ஸு’ என்று விற்கிறார்கள். உடம்புக்குச் சூடேற்றும் மருந்து என்பதில் இரு மரபுகளுக்கும் கருத்து வேறுபாடில்லை.

இதன் நஞ்சு அகோனிடின் வகையைச் சேர்ந்தது. நரம்பிலும் இதயத் தசையிலும் சோடியம் நுழையும் வாயில்களை மூடவிடாமல் திறந்தே வைத்துவிடும். முதலில் உதடும் நாக்கும் மரத்துப்போகும். பிறகு இதயத் துடிப்பு தாறுமாறாகும். சில மில்லிகிராம் போதும். முறிமருந்து கிடையாது.

அப்படியானால் மருந்தானது எப்படி? நம் வைத்தியர்கள் கோமியத்தில் ஊறவைத்தும் பாலில் வேகவைத்தும் ‘சுத்தி’ செய்தார்கள். சீனர்கள் உப்புநீரில் ஊறப்போட்டு நெடுநேரம் கொதிக்கவைத்தார்கள். நீரும் சூடும் சேர்ந்தால் அகோனிடின் சிதைந்து வீரியம் வெகுவாகக் குறைகிறது. வேதியியல் பிறக்குமுன்பே கைவந்த வித்தை! ஆனாலும் சுத்தி அரைகுறையானால் ஆபத்துதான். இந்திய மருந்து விதிகளின் ஈ(1) அட்டவணை நாபியை நச்சுப்பொருளாகவே வைத்திருக்கிறது.

நம் வேலியிலும் ஒரு நச்சுக்கிழங்கு உண்டு: செங்காந்தள், அதாவது கண்வலிக்கிழங்கு. மாநில மலர்தான். இதிலுள்ள கால்சிசின் கீல்வாதத்துக்கு மாத்திரையாகிறது. வள்ளிக்கிழங்கு என்று நினைத்து அவித்துத் தின்று இறந்தவர்கள் உண்டு, தோண்டாதீர்கள்.