சுழல் நாற்காலியும் காற்றாலையின் திருப்பமைப்பும்: எளிய மின்கட்டுப்பாட்டு வடிவமைப்பு

திறவுச்சொற்கள்: சுழல் நாற்காலி, மின்னோடி, காற்றாலை, வேகக் குறைப்பு, எல்லைச் சொடுக்கி

முன்னுரை

பக்கவாதத்தாலோ முதுமையாலோ உடலைத் திருப்ப இயலாதவர்க்குக் கட்டில் பக்கமிருந்து உணவு மேசைப் பக்கம் கால்வட்டம் திரும்புவதற்கும் பிறர் கை வேண்டியிருக்கிறது. பொத்தானை அழுத்தத் திரும்பும் நாற்காலி அச்சார்பைக் குறைக்கும். இதனைச் சிறு பட்டறையிலேயே செய்துகொள்ளலாம். மின்னோடியால் சுழற்றுவது இதில் எளிய பகுதியே. உரிய இடத்தில் நிற்பதும், தடை வந்தால் விட்டுக்கொடுப்பதுமே வடிவமைப்பின் சாரம். இதனைக் கன்னியாகுமரி மாவட்டக் காற்றாலைகளின் திருப்பமைப்போடு ஒப்பிட்டு இக்கட்டுரை விளக்குகிறது.

காற்றாலை தரும் முன்மாதிரி

ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியே வீசும் காற்றைப் பயன்படுத்த முப்பந்தல் பகுதியில் காற்றாலைகள் நிறுவப்பட்டுள்ளன. தென்மேற்குப் பருவத்தில் மேற்கிலிருந்தும், வடகிழக்குப் பருவத்தில் வடகிழக்கிலிருந்தும் காற்று வருவதால் கோபுர உச்சியிலுள்ள இயந்திரக் கூடு அதற்கேற்ப முகம் திருப்ப வேண்டும். வளையத் தாங்கியின்மேல் அமர்ந்த அக்கூட்டை, பல்சக்கரங்களால் வேகம் குறைக்கப்பட்ட மின்னோடிகள் மெல்லத் திருப்புகின்றன. திரும்பிய பின் தடுப்பு நிலைநிறுத்துகிறது. ஒரே திசையில் பலமுறை சுற்றினால் கோபுரத்துள் இறங்கும் மின்வடம் முறுக்கிக்கொள்ளும். ஆதலால் சுற்றுகளை எண்ணும் உணரியின் துணையால், வரம்பு எட்டியதும் கூடு எதிர்த்திசையில் திருப்பப்படுகிறது. வேகக் குறைப்பு, நிலைநிறுத்தம், சுழற்சி வரம்பு ஆகிய மூன்றும் நாற்காலிக்கும் தேவை.

வேகமும் விசையும்

உட்செவியின் அரைவட்டக் குழல்கள் சுழற்சி வேகத்தின் மாற்றத்தை உணர்கின்றன. 1914ஆம் ஆண்டுக்குரிய நோபல் பரிசு பெற்ற ராபர்ட் பாராணியின் பெயரால் வழங்கும் சோதனையில், நாற்காலி 20 நொடிகளில் 10 முறை சுழற்றப்பட்டுச் சட்டென நிறுத்தப்படும். அப்போது தலைச்சுற்றும் விழித்துடிப்பும் தோன்றும். அவ்வேகம் நொடிக்கு 180 பாகை. வீட்டு நாற்காலி கால்வட்டத்தை 10 நொடிகளில் கடந்தால் வேகம் நொடிக்கு 9 பாகை மட்டுமே. அதாவது நிமிடத்துக்கு 1.5 சுற்று.

மகிழுந்தின் கண்ணாடித் துடைப்பானை இயக்கும் 12 வோல்ட் மின்னோடி, குறைந்த வேகத்தில் நிமிடத்துக்கு ஏறத்தாழ 45 சுற்றுகள் தரும். எனவே 30 மடங்கு குறைப்பு வேண்டும். சங்கிலியால் 3 மடங்கும், 60 மி.மீ. ரப்பர் உருளை 600 மி.மீ. வட்டத்தட்டின் விளிம்பில் ஓடுவதால் 10 மடங்கும் பெறலாம்.

வேகம் குறையக் குறையத் திருப்புவிசை பெருகும். நல்ல தாங்கியில் அமர்ந்தவரைத் திருப்பச் சில நியூட்டன்-மீட்டரே போதும். எஞ்சிய விசை, சுவரோரம் சிக்கிய பாதத்தை நசுக்கக்கூடும். இறுதிக் கட்டத்திலும் சங்கிலியை வைக்காமல் ரப்பர் உருளையை வைப்பதன் காரணம் இதுவே: வில்லால் அளவாக அழுத்தப்பட்ட உருளை, தடை வந்தால் வழுக்கிவிடும்.

மின்கட்டுப்பாடு

வட்டத்தட்டு தரையிலுள்ள அடிச்சட்டத்தில் நிலையாக இருக்க, மின்கலம், மின்னோடி, பொத்தான்கள் யாவும் இருக்கையோடு சேர்ந்து சுழலும்படி அமைத்தால் வடம் முறுக்காது.

இரண்டு அழுத்துப் பொத்தான்கள் போதும். ஓய்வில் மின்னோடியின் இரு முனைகளும் மின்கலத்தின் எதிர்முனையோடு இணைந்திருக்கும். ஒரு பொத்தானை அழுத்தினால் ஒரு முனை மட்டும் நேர்முனைக்கு மாறும். விரலை எடுத்தவுடன் இரு முனைகளும் மீண்டும் ஒன்றாக இணைவதால் மின்னோடி தானே தடுப்பாகும். இரண்டையும் ஒருசேர அழுத்தினால் இயக்கம் இராது. உறையே எதிர்முனையாக உள்ள மின்னோடி இச்சுற்றுக்கு ஒவ்வாது.

இரு கோடிகளிலும் எல்லைச் சொடுக்கி, மின்னோடியோடு தொடராக அமையும். அதற்கு இணையாக ஒரு டயோடை வைத்தால், எல்லையைத் தொட்ட நாற்காலி எதிர்த்திசையில் மீள முடியும். மின்கலத்தின் நேர்முனையை ஒட்டி உருகி பொருத்தப்பட வேண்டும்.

மின்னோடியினுள்ளே இருக்கும் புழுப்பல்சக்கரம், மின்சாரம் இல்லாதபோதும் இருக்கையை அசையாமல் பிடித்துக்கொள்ளும். ஆனால் மின்கலம் தீர்ந்தால் அமர்ந்தவர் சுவரைப் பார்த்தபடி சிக்கிவிடலாம். எனவே உருளையைத் தட்டிலிருந்து விலக்கும் கைநெம்புகோலும் அவசியம்.

முடிவுரை

ஆள் அமரும் முன், அவரது எடைக்கு ஈடான மணல்மூட்டையை வைத்து, தடையில் உருளை வழுக்குகிறதா, இரு எல்லைகளிலும் நாற்காலி நிற்கிறதா, அடிச்சட்டம் சாயாமல் இருக்கிறதா எனச் சோதித்தல் வேண்டும். இவற்றில் ஒன்று தவறினாலும், எவ்வளவு இனிதாகச் சுழன்றாலும், அந்நாற்காலி பயன்பாட்டுக்கு உரியதன்று.