வெற்றியின் சுமை: போட்டி விளையாட்டும் உள நெருக்கடியும்

உயர்மட்டப் போட்டி விளையாட்டில் ஈடுபடுவோரது உள நெருக்கடி, பெரும்பாலும் தனிமனித மனவலிமை சார்ந்த பிரச்சினையாகவே நோக்கப்படுகிறது. மூச்சைச் சீராக்கல், செய்யவிருக்கும் அசைவை மனக்கண்ணில் ஒத்திகை பார்த்தல், முடிவை விடுத்துச் செயலில் கவனத்தைக் குவித்தல் முதலிய பயிற்சிகள் பயனுடையனவே. ஆயின், சுமையைத் தாங்கக் கற்பிப்பதோடு நின்றுவிடும் இந்நோக்கு, அதனை ஏற்றியவர் யார் என வினவுவதில்லை. ரோக்கியோவில் நடைபெற்ற இரு ஒலிம்பிக் விழாக்களை ஒப்புநோக்குதல் இவ்வினாவைத் தெளிவாக்கும்.

1964 இல், யப்பானியத் தற்காப்புப் படையினரான கோகிச்சி சுபுராயா மரதன் ஓட்டத்தில் இரண்டாமவராக அரங்கினுள் நுழைந்தார். அங்கே பிரித்தானிய வீரர் முந்தவே, வெண்கலப் பதக்கம் பெற்றார். அவ்விழாவின் மெய்வல்லுநர் போட்டிகளில் யப்பான் பெற்ற ஒரே பதக்கம் அதுவே. எனினும் அவர் அதனைத் தேசத்துக்குத் தாம் பட்ட கடனாகவே கருதினார். மெக்சிக்கோ ஒலிம்பிக் முடியும்வரை திருமணம் செய்வதற்கும் படை மேலதிகாரி தடையாக நின்றார். காயங்களும் சேர்ந்துகொள்ள, 1968 ஜனவரியில், தமது 27 ஆவது வயதில், அவர் உயிரை மாய்த்துக்கொண்டார். உறவினர் அளித்த உணவுகளை ஒவ்வொன்றாக நன்றியுடன் நினைவுகூர்ந்து, இனி ஓடவியலாதெனக் கூறும் அவரது இறுதிக் கடிதத்தின் அழகினை யசுனாரி கவபாத்தா வியந்து எழுதினார். இலக்கிய மாணவர் இவ்விடத்தில் விழிப்புடனிருத்தல் வேண்டும். மரணத்தின் அழகியலில் தோய்வோர் அதன் காரணத்தை மறந்துவிடக் கூடும்.

2021 இல், அமெரிக்க ஜிம்னாஸ்டிக் வீராங்கனை சிமோன் பைல்ஸ், குழு இறுதிப்போட்டியில் இரண்டரை முறை சுழலவேண்டிய பாய்ச்சலில் ஒன்றரை முறையே சுழன்று இறங்கினார். அந்தரத்தில் உடலின் நிலையை உணரவியலாத இந்நிலை உயிராபத்தானது. அவர் விலகிக்கொண்டார், நாட்டைக் கைவிட்டவரெனச் சிலர் தூற்றினர். அணி மருத்துவரின் பாலியல் வன்முறையிலிருந்து தம்மைப் போன்றோரைக் காக்க விளையாட்டு அமைப்புகள் தவறியமை பற்றி, அதே ஆண்டு செப்டெம்பரில் அவர் செனற் குழுவின் முன் சாட்சியமளித்தார். பாதுகாப்பளிக்கத் தவறிய அமைப்புகளே பதக்கத்தை மட்டும் எதிர்பார்த்தன என்பது கவனிக்கத்தக்கது.

உளச்சிகிச்சையின் துணையோடு மீண்ட பைல்ஸ், 2024 இல் பாரிசில் மூன்று தங்கப் பதக்கங்கள் வென்றார். ஆனால் அவரது மறுப்பை நியாயப்படுத்த அவ்வெற்றி தேவையில்லை.

பதக்கம் அரசுக்குக் கௌரவமாகவும் விளம்பரதாரருக்கு இலாபமாகவும் மாறும்போது, விளையாட்டு வீரர் தமது உழைப்பிலிருந்து மட்டுமன்றித் தமது உடலிலிருந்தும் அந்நியமாகின்றார். பைல்ஸ் மறுப்பதற்கு அவரது புகழ் துணைநின்றது. சுபுராயாவுக்கு அத்தகைய துணை இருக்கவில்லை. பெயரறியா வீரர் பலருக்கு இன்றும் இல்லை. எனவே, ஓடக் கற்பிக்கும் நிறுவனங்கள், ஓட்டத்தை நிறுத்தும் உரிமையையும் உறுதிசெய்தல் வேண்டும். அவ்வுரிமையின்றிக் கற்பிக்கப்படும் மனவலிமை, பணிந்துபோவதற்கான பயிற்சியேயாகும்.